கசப்பு யார் தோட்டத்தில்?

குசுமி ஜாம் பாட்டிலை மேஜை மீது வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சப்போரோவில் ஒரு பெரிய கேக் கடைக்குச் சரக்கு வாங்கிக் கொடுக்கிறவர் அவர். வாயைத் திறந்தால் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆரம்பிப்பார். அப்படிப்பட்ட ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பழச் சங்கத்துக்காரர்கள் நாங்கள் ஆளுக்கொரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தோம். முதலில் புளிப்பு, அப்புறம் இனிப்பு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விழுங்கின பிறகு தொண்டையில் வந்து உட்கார்ந்தது பாருங்கள், மாத்திரையைக் கடித்துவிட்ட மாதிரி ஒரு கசப்பு.

"இது போன வருஷம் நீங்க குடுத்த பழம்," என்றார் குசுமி. "மன்னிச்சுக்கணும். இந்த வருஷமும் இப்படியே இருந்தா வேற ஊரைப் பாத்துக்கோன்னு முதலாளி சொல்லிட்டாரு."

எங்கள் காமிசாவாவில் ஹாஸ்கப் தனித்தனியாக விலை போவதில்லை. எல்லா வீட்டுப் பழமும் சங்கத்து உறைபெட்டியில் ஒன்றாகத்தான் கொட்டப்படும். விரல் நுனி அளவு நீலப் பழம். தோல் அவ்வளவு மெலிசு, பறித்த கையோடு உறைய வைக்காவிட்டால் சாறாகிவிடும். ஒரு வீட்டுக் கசப்பு ஒரு கூடை விழுந்தால் போதும், ஊர்ச் சரக்கே போச்சு. நெல்லைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் நெருக்கியதால் வயலை எல்லாம் தூர்த்து இந்தச் செடியை நட்டிருந்தோம். கேக் கடை கைவிட்டால் இந்தப் பழத்தை வேறு யாரிடம் கொண்டுபோய் நீட்டுவது? ஹொக்கைடோவைத் தாண்டினால் இதன் பேர்கூட ஒருவருக்கும் தெரியாது.

அந்த அறையில் இருந்த எல்லாக் கண்ணும் கதவோரம் உட்கார்ந்திருந்த உராபே மிஹோவிடம் போயின. என் கண்ணும்தான். நான் மட்டும் என்ன உத்தமியா?

மிஹோவும் அவள் புருஷனும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கவாசாகி நகரத்திலிருந்து வந்தவர்கள். அவன் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விடுவான்; தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. பேசினால் காற்றுதான் வரும். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே தொப்பியைக் கீழே இழுத்துக்கொள்வாள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு ஒளிய வேண்டும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

"எங்க தோட்டத்துல ஒரு செடிகூடக் கசக்காது," என்று நெமோட்டோ குராசோ எழுந்து நின்றே சொன்னார். "நம்ம தலைவர் நாக்கு சொன்னதுதானே? அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

தலைவர் என்றது என் வீட்டுக்காரரை. ஹொரிகாவா டெய்ஜி. துறைமுகம் தோண்டச் சதுப்பு நிலத்தில் புல்டோசர் இறங்கியபோது அங்கே காடாகக் கிடந்த ஹாஸ்கப் செடிகளை முதுகில் சுமந்து வந்து முதல் ஆளாக வயலில் நட்டவர் அவர்தான். காட்டுச் செடியில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒன்று தேன் மாதிரி இருக்கும், பக்கத்தில் நிற்பது வேப்பங்காயாக இருக்கும்; கண்ணால் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வருஷா வருஷம் அறுவடைக்கு முன் அவர் வீடு வீடாகப் போய்ச் செடி செடியாகச் சுவைத்துப் பார்ப்பார். செடிக்காரர் அதே கிளையில் ஒரு பழம் பறித்து முதலில் தின்ன வேண்டும், அப்புறம் அவர் தின்பார். கசப்பு என்று சொன்னால் அந்த இடத்திலேயே, அவர் கண்ணெதிரே, செடிக்காரரே ரம்பத்தால் அறுத்துப் போட வேண்டும். பாதிக்கு மேல் அறுபட்டால் அந்த வீடு சங்கத்தை விட்டு வெளியே. இந்தச் சட்டம் போட்டவரும் அவர்தான்.

இரண்டு வருஷமாக அவரிடம் ஒரு புதுப் பழக்கம். பழத்தை மெல்லும்போது எதிரே நிற்கிறவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். கண்ணே இமைக்காது. திருடனை நிறுத்திவைத்துப் போலீஸ்காரர் பார்ப்பாரே, அப்படி. கள்ளத்தனம் செய்கிறவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று தலைவருக்குத் தெரியும், அதான் பார்க்கிறார் என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வருஷம் மிஹோ தோட்டத்தில் சில செடிதான் போயின; இந்த வருஷம் முதல் பாதியைச் சுவைத்து முடித்தபோதே அதில் ஏறக்குறைய எல்லாமே அறுபட்டுவிட்டன. மீதிப் பாதிக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். நானும் நேரில் வருகிறேன் என்று குசுமி சொல்லிவிட்டார். அன்றைக்கு இன்னும் ஒன்றிரண்டு செடி போனால் போதும், உராபே வீடு வெளியே.

வெளியே போவதற்குள் அவள் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும் என்று எனக்கு வெறி. அறுத்துப் போட்ட செடியிலிருந்து பழத்தை உருவிக் கூடையில் கலந்துவிடுகிறாள், போன வருஷமும் இதைத்தான் செய்திருப்பாள் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை கடல் பனிமூட்டம் தரையோடு படர்ந்திருந்தது. ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் வரப்போரமாகப் போய்ப் பார்த்தேன்.

அறுத்த செடிகள் குவியலாகக் கிடந்தன. இலை வாடியிருந்தது. பழம் ஒன்றுகூடத் தொடப்படவில்லை, கொத்துக் கொத்தாக அப்படியே இருந்தது. எனக்குச் சப்பென்று போய்விட்டது. வந்ததற்கு அவள் கசப்பு எத்தனை கசப்பு என்றாவது பார்ப்போமே என்று ஒன்றை வாயில் போட்டேன்.

இனித்தது. தொண்டையில் ஏதாவது வந்து உட்காரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வேறொரு செடியில் பறித்தேன், அதுவும் இனிப்பு. குவியலின் அடியிலிருந்து இழுத்துப் பறித்தேன். என் வீட்டுப் பழத்தைவிட நன்றாக இருந்தது. இடது பக்கப் பையில் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டு நேரே நெமோட்டோ தோட்டத்துக்குப் போனேன். அங்கே நிற்பதெல்லாம் இரண்டு வருஷமாகத்தான் காய்க்கிற புதுச் செடிகள்; இந்த வருஷம் அதில் ஒன்றுகூட அறுபடவில்லை.

முதல் வரிசையில் கை வைக்கும்போதே பின்னால் குரல் கேட்டது.

"என்ன நோபுயோ சான், காலங்காத்தால எங்க தோட்டத்துல?"

"ஃபுகிக் கீரைத் தண்டு பறிக்கலாம்னு வந்தேன். வரப்போரம் நல்லா வளந்திருக்குமே."

"தண்டு கெடக்குது, இதைச் சாப்பிடுங்க!" நெமோட்டோ ஒரு கொத்தை உருவி, பாதியைத் தன் வாயில் போட்டு மென்றார். சிகரெட் கறை படிந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "தேன்! ஊர்ல எவன் வீட்டுலயாவது இப்படி இருக்குமா சொல்லுங்க."

மீதியை நான் தின்றேன். பிடரி மயிர் வரைக்கும் கசந்தது. அந்த மனுஷனோ சொர்க்கத்தில் இருக்கிற மாதிரி மென்றுகொண்டிருந்தார். தன் வீட்டுக் கோழி முட்டை போட்டால்கூடப் பொன்முட்டை என்று சொல்கிற ஜாதி அவர். புகைத்துப் புகைத்து நாக்கு வேறு தோலாகிவிட்டது. அவர் நம்பித்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் வேறு ஆள் மீது திரும்பியிருந்தது. வலது பையில் நெமோட்டோ பழத்தைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். புது வருஷத்துக்கு நெமோட்டோ வீட்டிலிருந்து முழு சால்மன் மீன் வந்தது ஞாபகம் வந்தது. அதை வெட்டி உப்புப் போட்டவளே நான்தான். ஒரு மீனுக்கா இந்த மனுஷன் விலை போனார்? ஒண்ட வந்த ஒரு பெண்ணின் செடியை அறுக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து காலை நீட்டி டீ குடித்தாரா? அவரோடு வாழ்ந்த வருஷம் எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை சலித்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நெமோட்டோ பழத்தைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அவர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"கசப்பு," என்றார். "எங்க பறிச்சே?"

ஆக, தெரிகிறது! தெரிந்துகொண்டேதான் விட்டிருக்கிறார்! கோபம் தலைக்கேறி, மிஹோவின் பழத்தை எடுத்துத் தட்டில் கொட்டினேன். "இதையும் தின்னுங்க."

மென்றார். மறுபடி என் முகத்தையே பார்த்தார். "இதுவும் கசப்புதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பழத்தை யாரும் கசப்பு என்று சொல்ல முடியாது. பொய் சொல்வதற்கும் அவருக்கு ஒரு காரணமும் இல்லை, அது யார் வீட்டுப் பழம் என்றே தெரியாதே. பிறகு வலது பையில் மிச்சமிருந்த நெமோட்டோ பழத்தில் ஒன்றை நானே வாயில் போட்டேன். அந்தக் கசப்பை நாக்கில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்த நாளைப் போலச் சிரித்தேன். அவருக்கும் ஒன்று நீட்டினேன்.

அவர் மென்றார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகமும் தெளிந்தது. "ஆங், இது நல்லா இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுததால் அவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை பாவம். கண் அங்குமிங்கும் அலைந்தது.

"எப்போலேருந்து?" என்று கேட்டேன்.

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். "கொட்டாய்க் கூரையில பனி தள்ளுறப்ப விழுந்தேன்ல. மண்டையில அடிபட்டுதே. அதுலேருந்து."

"ரெண்டு வருஷமாவா? அப்போ நான் வடிச்சுப் போட்ட சோறு, மிசோ சூப்பு?"

"சூடா இருக்கும்."

"நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு தினமும் சொன்னீங்களே!"

"உன் மூஞ்சி நல்லா இருந்துச்சு," என்றார். "அதைப் பாத்துச் சொல்லுவேன்."

தோட்டத்திலும் அதையேதான் செய்திருக்கிறார். எதிரே நிற்கிறவர் முகம் மலர்ந்தால் இனிப்பு, சுருங்கினால் கசப்பு. நெமோட்டோவைப் போல நெஞ்சை நிமிர்த்திச் சிரிக்கிறவன் வீட்டில் எல்லாமே தேன். மிஹோவைப் போல நடுங்குகிறவள் வீட்டில் எல்லாமே விஷம். அவர் உற்றுப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கியிருக்கும், சுருங்கச் சுருங்க அவர் அறுக்கச் சொல்லியிருப்பார்.

"யோவ், நீர் மனுஷனா?" என்றேன். கட்டின நாளிலிருந்து அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அது அஞ்சு வருஷம் புள்ளை மாதிரி வளத்த செடிய்யா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா? தலைவருக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா குசுமி அன்னிக்கே போயிருவாரு. ஊரே இந்த நாக்கை நம்பித்தான் வயலைத் தூர்த்துது." மேஜையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "நாக்கு போனா நான் யாரு? கூரையிலேருந்து விழுந்த ஒரு கிழவன், அவ்வளவுதான்."

அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கடைசியில் இரண்டும் செய்யவில்லை. நாளைக்கு நான் அவர் பக்கத்திலேயே நடப்பது, ஒவ்வொரு செடியிலும் நானும் தின்பது, அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று பேசி முடித்தோம். மிஹோ தப்பிவிடுவாள், இவர் மானமும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு காலை ஊரே மிஹோ தோட்டத்தில் கூடிவிட்டது. எதற்கு என்று கேட்காதீர்கள், அடுத்தவன் வெளியே போவதைப் பார்ப்பதற்கு ஆளா கிடைக்காது? மிஹோ கையில் ரம்பத்தோடு நின்றாள். அவள் பழத்தைத் தின்றாள், முகம் வழக்கம் போலச் சுருங்கியது. நான் தின்றேன், வாய் நிறையச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"இனிப்பு. இருக்கட்டும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ரம்பத்தைப் பாதி தூக்கிவிட்டு அப்படியே நின்றாள். அடுத்த செடியும் இனிப்பு, அதற்கடுத்ததும் இனிப்பு. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"இது என்ன கூத்து?" நெமோட்டோ முன்னால் வந்தார். "போன வாரம் பூராக் கசப்பு, இன்னிக்கு குசுமி சான் முன்னாடி பூரா இனிப்பா? தலைவரே, நோபுயோ சான் எதுக்கு உங்க கூடவே ஒட்டிக்கிட்டு வராங்க? நேத்து எங்க தோட்டத்துலயும் திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நின்னாங்க. உராபே வீட்டுல என்ன வாங்குனீங்க?"

சால்மன் கொடுத்தவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்!

"யார்யா வாங்கினது?" என்று நான் பாய்ந்தேன்.

"அப்போ தள்ளிப் போங்க. எங்க பின்னாடி போய் நில்லுங்க. தலைவர் தனியாச் சொல்லட்டும்."

குசுமி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கணும், அதுதான் முறைன்னு படுது," என்றார். வேறு வழியில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நெமோட்டோ முதுகு என்னை முழுசாக மறைத்தது.

மிஹோ பழத்தைத் தின்றாள். தலையை அப்படியே குனிந்துகொண்டாள், தொப்பி முகத்தை மூடிவிட்டது. அவர் பழத்தை வாயில் போடும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. மெல்கிறார். நான் எம்பிப் பார்த்தேன். அவர் கண் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எந்த முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கசப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன வாரத்துக்கும் இதற்கும் பொருந்திப் போயிருக்கும். அவர் மானம் பிழைத்திருக்கும்.

"தெரியலை," என்றார்.

"என்னது?"

"எனக்கு ருசி தெரியலை. ரெண்டு வருஷமாச்சு. உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன்."

முதலில் யாரோ சிரித்தார்கள், ஜோக் என்று நினைத்து. அப்புறம் அதுவும் அடங்கியது. நெமோட்டோ வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அப்போ எங்க பழம்?"

"வேப்பங்காய்," என்றேன் நான் பின்னாலிருந்து. "தின்னுட்டுத்தான் சொல்றேன்."

மிஹோ தொப்பியைக் கழற்றினாள். அவள் முகத்தை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன். "எனக்குக் கசக்கலை," என்றாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "ஒரு நாளும் கசக்கலை. நீங்க அப்படிப் பாத்தீங்க. எனக்கு பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். நீங்க கசப்புன்னு சொன்னதும் என் நாக்குதான் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். என் கையாலயே அறுத்தேன்."

என் வீட்டுக்காரர் இடுப்பு மடிய வணங்கினார். நிமிரவில்லை. "எங்க தோட்டத்துச் செடி எல்லாம் நான் விழறதுக்கு முன்னாடி பாத்து வச்சது. எத்தனை வேணும்னாலும் பேத்து எடுத்துக்கோங்க."

"அது இனிப்புன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் மிஹோ.

எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நியாயமான கேள்விதான்.

அவளே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூட்டம் அப்படியே எங்கள் தோட்டத்துக்கு நகர்ந்தது. யாரையும் கூட வரவிடாமல் வரிசை வரிசையாகத் தனியாகப் போய்த் தின்றாள். சிலதில் வைக்கோல் கயிற்றைக் கட்டி, இது எனக்கு வேண்டும் என்று அடையாளம் வைத்தாள். அவள் நகர்ந்த பிறகு குசுமி போய் அவள் கட்டியதில் எல்லாம் ஒவ்வொன்று தின்று பார்த்துத் தலையாட்டினார். இந்தப் பெண் பார்த்துச் சொல்கிற பழத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் யோசிப்பது நெற்றியிலேயே தெரிந்தது.

கடைசியாக நாங்கள் நின்ற கிணற்றோரத்துப் பழைய செடியிடம் அவள் வந்தாள். சதுப்பிலிருந்து என் வீட்டுக்காரர் முதல் நாள் முதுகில் கொண்டுவந்த செடி அது. எங்கள் ஊரில் பாதி நாற்று அதிலிருந்து ஒடித்து வைத்ததுதான். வருஷா வருஷம் அந்தப் பழத்தை நான் தின்கிறேன். அதை மிஞ்சி ஒரு இனிப்பு காமிசாவாவில் கிடையாது. மிஹோ ஒன்றைத் தின்றாள். மெதுவாக மென்று விழுங்கினாள். திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இது கசப்பு," என்றாள். "அறுத்துடுங்க."

அது பொய் என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். நாக்கு செத்தால் ஞாபகமுமா செத்துவிடும்? அவர் அவளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ரம்பத்தை வாங்கிக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் இருங்க, மன்னிச்சுக்கணும், நானும் ஒண்ணு..." என்று குசுமி கிளைக்குக் கை நீட்டினார்.

அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். "அதான் அவங்க சொல்லிட்டாங்கல்ல," என்றேன்.